முகம் காணாமல் கூடிய ஊர்

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலேயக் கொடியை ஏற்றினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து தமிழர்கள் இங்கு வந்து சேரத் தொடங்கினார்கள். வணிகர்கள் வந்தனர், படகோட்டிகளும் மூட்டை தூக்குவோரும் வந்தனர். வந்தவர்கள் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று, தாங்கள் கூடுவதற்கு ஓர் இடத்தை அமைத்துக்கொண்டதாகும். 1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தோன்றியது. 1833இல் குயின் தெருவில் மாரியம்மன் கோயில் எழுந்தது. கப்பலை விட்டு இறங்கிய ஒருவர் தம் மக்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாங்கொலி கேட்ட திசையிலோ கோயில் மணி கேட்ட திசையிலோ நடந்தால் போதும். கடைத்தெருவில் தம் மொழி காதில் விழும்.

இவ்வாறு கண்ணால் கண்டு, கைகொடுத்துப் பழகி ஒரு சமூகம் உருவாவதை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் ஒருவரை ஒருவர் பாராமலேயே ஒரு சமூகம் உருவாக முடியுமா? உருவானால் அது நிலைக்குமா? இன்று கணினி வழியாகவும் கைபேசி வழியாகவும் எத்தனையோ குழுக்கள் தோன்றுகின்றன. தோன்றிய வேகத்திலேயே பல மறைந்தும் போகின்றன. சில மட்டும் இருபது ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்பதைப் பினாங்கிலிருந்து தொடங்கி வரலாற்று வழியில் காண்பதே இந்தப் பேச்சின் நோக்கம்.

முதலில் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். முகம் காணாத கூட்டம் என்பது கணினியோடு பிறந்ததன்று. நாகூரைச் சேர்ந்த குலாம் காதிறு நாவலர் 1880களில் பினாங்கில் 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தினார். ஒரே தாளைப் பல ஊர்களில் இருந்தபடி பலர் படித்தல், ஒருவர் எழுதியதற்கு மற்றொருவர் விடை எழுதுதல் என்னும் பழக்கம் இதழ்களோடு வந்ததாகும். தம்மைப் போலவே இதைப் படிக்கிறவர்கள் வேறிடத்திலும் இருக்கிறார்கள் என்ற எண்ணம் வாசகர் மனத்தில் தோன்றுகிறது. அந்த எண்ணமே முகம் காணாத சமூகத்தின் வித்து.

இரண்டாவது படி வானொலி. 1934ஆம் ஆண்டில் பினாங்கு வானொலிச் சங்கம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. இசட்.எச்.ஜே. என்பது அந்த நிலையத்தின் அழைப்பெழுத்து. இதை நடத்தியவர்கள் வானொலிக் கலையில் ஆர்வம் கொண்ட சங்கத்தினர். ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் ஒலிபரப்பு நடந்தது. பொழுதுபோக்காகத் தொடங்கிய அந்த நிலையம் ஏழாண்டுகளுக்குப் பின் ஒரு நகரத்தின் உயிரைக் காக்க உதவியது.

1941 டிசம்பர் 11 முதல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு பொழிந்தன. சில நாட்களில் ஆங்கிலேய அதிகாரிகளும் ஐரோப்பியக் குடும்பங்களும் தீவை விட்டு நீங்கினார்கள். மற்ற மக்கள் கைவிடப்பட்டனர். அப்போது 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியராக இருந்தவர் இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து. அவர் பல இனத்தாரும் சேர்ந்த சேவைக் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். கோட்டையில் பறந்துகொண்டிருந்த கொடி இறக்கப்பட்டது. நகரில் படை ஏதும் இல்லை, குண்டு வீச வேண்டாம் என்ற செய்தி பினாங்கு வானொலி நிலையத்தின் வழியே அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 19இல் ஜப்பானியப் படை நகருக்குள் நுழைந்தது. அரசு கைவிட்ட வேளையில் செய்தி அனுப்ப ஒரு கருவி இருந்தது. அதைப் பயன்படுத்தத் துணிந்த ஒரு குழுவும் இருந்தது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் பயன் விளைந்திராது.

மூன்றாவது படியை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். போர் முடிந்தபின் 1950இல் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' நாளிதழ் 'கதை வகுப்பு' என்ற ஒன்றைத் தொடங்கியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதை நடத்தினார்கள். சிறுகதை எழுத விரும்புவோருக்கு நாளிதழிலேயே பாடம் சொல்லி, பயிற்சி கொடுத்து, அவர்கள் எழுதி அனுப்பியதைத் திருத்தித் தரம் கூறினார்கள். 1951 வரை நடந்த அந்த வகுப்பில் பயின்றவர்கள் ரப்பர்த் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் இருந்தவர்கள். அவர்களில் பலர் பின்னர் மலாயாத் தமிழ் இலக்கியத்தின் எழுத்தாளர்களாக வளர்ந்தார்கள்.

அதே காலத்தில் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' மாணவர்களுக்கென 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியை நடத்தியது. நாளிதழின் ஒரு பக்கத்தில் எழுதத் தொடங்கிய பிள்ளைகள் தத்தம் ஊர்களில் மன்றங்கள் அமைத்தார்கள். நாளடைவில் அது இளைஞர் மணிமன்றமாக வளர்ந்து நாடெங்கும் கிளைகள் கண்டது. இவ்விரண்டிலும் உள்ள பொதுத்தன்மை என்ன? படித்துவிட்டுப் போ என்று வாசகரை விட்டுவிடவில்லை. அவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். அவர் செய்ததைப் பார்த்து ஒரு சொல் சொன்னார்கள். தோட்டத்து வீட்டில் தனியாக அமர்ந்து எழுதிய இளைஞர் தாமும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று உணர்ந்தது இதனால்தான்.

இனிக் கணினிக்கு வருவோம். 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸ் பகுதியில் தடையற்ற வாணிக வட்டாரம் அமைந்தது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அவ்வாண்டில் அங்குதான் திறந்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லா இனத்துப் பெண்களும் நுண்பெருக்காடியின் முன் அமர்ந்து, மயிரிழை போன்ற கம்பிகளைச் சில்லுகளில் பொருத்தினார்கள். உலகத்துக் கணினிகளுக்கு உறுப்பு செய்து கொடுத்த ஊர் இது. ஆயினும் அந்தக் கணினித் திரையில் தமிழ் எழுத்துத் தோன்றப் பல ஆண்டுகள் ஆயின.

1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா முதலிய இடங்களுக்குப் படிக்கவும் வேலைக்கும் சென்ற தமிழர்கள் கணினி வலையில் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள். ஆனால் தமிழை உரோமன் எழுத்தில்தான் எழுதினார்கள். ஒரு சொல்லை எழுதினால் அது பழமா, பலமா, பாலமா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருந்தது. தன் எழுத்தில் எழுத முடியாத கூட்டம் வழக்காடலாம், வாழ்த்துக் கூறலாம்; தன் இலக்கியத்தைப் பகிர்ந்துகொள்வது கடினம்.

இக்குறையைப் போக்கியதில் மலேசியருக்குப் பெரும் பங்கு உண்டு. கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் அது 'முரசு அஞ்சல்' ஆயிற்று. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' என்னும் எழுத்துருவை ஆக்கி இலவசமாக அளித்தார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' எழுத்துருவை உருவாக்கினார். 1995இல் இணையத்தில் தமிழ் எழுத்துத் தோன்றச் செய்த முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

அக்காலத்தில்தான், மலேசியாவிலிருந்து சென்று சிட்னியில் வாழ்ந்துவந்த பாலா பிள்ளை 'தமிழ்.நெட்' என்ற மின்னஞ்சல் குழுவை நிறுவினார். அதன் அமைப்பு மிக எளியது. பொதுவான ஒரு முகவரிக்கு ஒருவர் மடல் எழுதினால், உறுப்பினர் அனைவருக்கும் அதன் படி போய்ச் சேரும். விடை எழுதினால் அதுவும் அவ்வாறே செல்லும். சிட்னியில் காலையில் எழுதிய மடலுக்குப் பினாங்கில் மதியமும் சூரிக்கில் மாலையும் விடை எழுதலாம். ஊர் நடுவில் உள்ள ஆலமரத்தடியை உலகம் சுற்றி விரித்துவிட்டதற்கு இது ஒப்பாகும்.

ஆனால் அந்த மரத்தடிக்கு வந்து சேர்வது எளிதாக இருக்கவில்லை. இங்கே எழுத்துச் சிக்கலைச் சிறிது விளக்க வேண்டும். அந்நாளைய கணினியில் எழுத்துகளை வைப்பதற்கு 256 அறைகள் கொண்ட ஒரு பெட்டி இருந்ததாக எண்ணிக்கொள்வோம். முதல் 128 அறைகளில் உரோமன் எழுத்துகளும் எண்களும் குறிகளும் குடியிருந்தன. நம் எழுத்துகளோ 247. ஒருவர் உரோமன் எழுத்தின் அறைகளிலேயே தமிழைக் குடிவைத்தார். மற்றொருவர் பின்னுள்ள 128 அறைகளைப் பயன்படுத்தினார். 'க' எந்த அறையில் இருக்கும் என்பதில் ஒவ்வொருவர் கணக்கும் வேறாக இருந்தது. ஆகவே ஓர் எழுத்துருவில் எழுதிய மடலை வேறு எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே கிடைத்தன. ஒரே மொழி பேசும் இருவர் பூட்டிய கதவின் இருபுறமும் நின்ற நிலை அது.

இந்தக் கதவைத் திறந்தது பெருநிதி எதுவும் அன்று, உறுப்பினர்களின் உழைப்புத்தான். புதிதாக வந்தவருக்கு எழுத்துருவை எப்படி இறக்குவது, எப்படிப் பொருத்துவது, விசைகளை எப்படி அழுத்துவது என்று முன்பே வந்தவர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அறைக் கணக்கைப் பொதுவாக்க வேண்டும் என்று ஆர்வலர்கள் பல நாடுகளிலிருந்து மடல் வழியே வாதிட்டு, 1990களின் பிற்பகுதியில் 'திஸ்கி' என்ற குறிமுறையை வகுத்தார்கள். 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழிணைய மாநாடு கூடியது. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு வேறு குறிமுறைகளை அறிவித்தது. எனவே கருத்து வேறுபாடு தொடரத்தான் செய்தது. 2000இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. ஒவ்வொரு மொழிக்கும் தனி இடம் தரும் யூனிகோடு முறை 1991 முதலே தமிழுக்கு இடம் வைத்திருந்தது. கணினிகள் அதை ஏற்றுக்கொண்டபின் சச்சரவு மெல்ல அடங்கியது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. ஒரு கூட்டம் வளர வேண்டுமானால் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பொது முறை வேண்டும். அது வரும் வரை சண்டையிட்டாலும் பிரிந்துபோகாத மனமும் வேண்டும்.

பொதுமுறை மட்டும் கூட்டத்தை நிலைநிறுத்திவிடுமா? நிறுத்தாது. 'கதை வகுப்பு' நமக்குக் காட்டிய பாடம் இங்கே மீண்டும் வருகிறது. 1998 ஜனவரி 14, பொங்கல் நாளன்று, இணையத் தமிழர்கள் 'மதுரைத் திட்டம்' என்ற பணியைத் தொடங்கினார்கள். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, யாரும் இலவசமாகப் பெறும்படி வெளியிடுவது அதன் நோக்கம். கல்யாணசுந்தரம் அதற்கு முன்னின்றார். முதல் நூல் திருக்குறள். ஒருவர் தட்டச்சு செய்வார்; மற்றொரு நாட்டிலிருப்பவர் மெய்ப்புப் பார்ப்பார்; இன்னொருவர் வடிவம் அமைப்பார். எவருக்கும் ஊதியம் இல்லை. அத்தட்டச்சர்களில் பலர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. வெறும் பேச்சு மட்டும் இருந்த இடத்தில் ஒரு வேலை வந்து சேர்ந்ததும் கூட்டம் வேரூன்றிவிட்டது. அந்தத் திட்டம் கால் நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது.

பினாங்கும் இம்முயற்சிகளிலிருந்து விலகி நிற்கவில்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் தகவல் சாதனத் துறைப் பேராசிரியராகப் பணியாற்றியவர் ரெ. கார்த்திகேசு. அதற்கு முன் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணிபுரிந்தவர். 'வானத்து வேலிகள்', 'அந்திம காலம்' முதலிய நாவல்களை எழுதியவர். அச்சில் பேர் பெற்ற எழுத்தாளர் பலர் கணினியைக் கண்டு ஒதுங்கியிருந்த காலத்தில், அவர் இணைய இதழ்களிலும் எழுதினார். 2016இல் அவர் மறைந்தார். மூத்தவர் ஒருவர் புதிய மேடைக்கு வந்து இளையவரோடு சமமாக அமரும்போது அம்மேடைக்கு மதிப்புக் கூடுகிறது.

பினாங்கில் பிறந்து ஜெர்மனியில் வாழும் க. சுபாஷிணி, ஜெர்மனியில் அறிவியல் ஆய்வாளராக இருந்த நா. கண்ணன் முதலியோருடன் சேர்ந்து 2001இல் தமிழ் மரபு அறக்கட்டளையைத் தொடங்கினார். ஓலைச் சுவடிகள், பழைய நூல்கள், குரல் பதிவுகள் ஆகியவற்றைக் கணினி வடிவில் காப்பது அதன் பணி. அதனோடு 'மின்தமிழ்' என்ற குழுவும் வளர்ந்தது. இங்கும் பணி ஒன்று நடுவில் இருக்க, அதைச் சுற்றிக் கூட்டம் அமைந்ததைக் காண்கிறோம்.

மற்றுமொரு சான்று தமிழ் விக்கிப்பீடியா. 2003இல் அது தொடங்கியது. இலங்கையைச் சேர்ந்தவரும் அமீரகத்தில் பணிபுரிந்தவருமான மயூரநாதன் தொடக்க நாட்களில் ஏறத்தாழத் தனியொருவராகவே கட்டுரைகளை எழுதினார். கூட்டம் சேர்ந்தபின் எழுதுவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. எழுதப்பட்டவற்றைக் கண்டு பிறர் வந்தார்கள். 2017இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

இனி இவ்வரலாற்றின் துயரமான பகுதியையும் சொல்லியாக வேண்டும். அதற்குப் பினாங்கு மக்கள் நன்கறிந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் குடியிருந்தன. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களுக்குக் காப்பாக இருந்தது. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் நாளில் அந்த நீக்கம் நடைமுறைக்கு வந்தது. வாடகை உயர்ந்தது, குடும்பங்கள் நகரின் பல மூலைகளுக்கும் சிதறின. 2008இல் ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுடைமை நகரமாக அறிவித்தபோது, அந்த மரபை வளர்த்தவர்களில் பலர் அத்தெருக்களில் இல்லை. பிறர் மண்ணில் கட்டிய வாழ்க்கைக்கு இந்த ஆபத்து உண்டு.

இணையத்திலும் இதுவே நடந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி யாஹூ நிறுவனம் இலவசமாகக் குழு அமைக்க இடம் கொடுத்தது. 'மரத்தடி', 'ராயர் காப்பி கிளப்' முதலிய தமிழ்க் குழுக்கள் அங்கே செழித்தன. இன்று அறியப்பட்ட எழுத்தாளர் பலர் அங்கே எழுதிப் பழகினார்கள். 2020 டிசம்பரில் அந்நிறுவனம் அச்சேவையை மூடிவிட்டது. சிலர் தங்கள் மடல்களை முன்னரே எடுத்து வைத்துக்கொண்டார்கள். எடுத்து வைக்காதவை போயின. அதே நிறுவனத்தின் ஜியோசிட்டீஸ் தளங்கள் 2009இல் நீக்கப்பட்டபோதும் இவ்வாறே ஆயிற்று. எஞ்சிய பழைய மடல்களிலும் அக்கால எழுத்துருக்களில் எழுதியவற்றை இன்றைய கணினி தானாகப் படித்துக் காட்டாது; மாற்றித் தரும் கருவி வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டைப் படிக்க முடிகிறது. முப்பதாண்டுக்கு முன் எழுதிய மடலைப் படிக்க முடியவில்லை. கல்லில் வெட்டியவன் எழுத்தோடு அதைத் தாங்கும் இடத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தான். நாம் இடத்தைப் பற்றி எண்ணவில்லை.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடங்களைத் தொகுத்துக் காண்போம். கூட்டம் தொடங்க விரும்புகிறவர் முதலில் தாமே வேலையைத் தொடங்க வேண்டும்; ஆள் சேர்ந்தபின் பார்ப்போம் என்று இருந்தால் ஆள் சேராது. வருகிறவருக்கு வழி சொல்ல ஒருவர் வாசலில் இருக்க வேண்டும். வந்தவர் கையில் அவரால் முடிந்த சிறு வேலை ஒன்றைக் கொடுக்க வேண்டும்; அதைச் செய்து முடித்தால் கண்டு பாராட்ட வேண்டும். எல்லோருக்கும் பொதுவான முறையைக் கலந்து பேசி வகுக்க வேண்டும். திறவுகோல் ஒருவர் இடுப்பில் மட்டும் தொங்கக் கூடாது. மூன்று நான்கு பேரிடமாவது இருக்க வேண்டும். பேசியவற்றுள் காக்கத் தக்கதை அவ்வப்போது படியெடுத்து வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். முடிந்தால் அச்சிலும் ஏற்ற வேண்டும்.

இன்று பினாங்கில் கோயில் திருவிழாவுக்கும், பள்ளியின் பழைய மாணவர்களுக்கும், விற்றுப்போன தோட்டத்தின் முன்னாள் குடிகளுக்கும் கைபேசிக் குழுக்கள் இருக்கின்றன. காலை வணக்கமும் பூப்படமும் அவற்றில் நிறைய வருகின்றன. அதில் தவறில்லை, தெருவில் எதிர்ப்பட்டால் நலம் விசாரிப்பதில்லையா? ஆனால் அந்தக் குழுவில் உள்ள முதியவர் ஒருவர் தாம் படித்த பள்ளியைப் பற்றி, தாம் வந்த ரஜூலா கப்பலைப் பற்றி, தம் தெருவில் யார் யார் கடை வைத்திருந்தார்கள் என்பதைப் பற்றிச் சொல்ல, இளையவர் ஒருவர் அதை எழுதிக்கொண்டால் அக்குழுவுக்கு ஒரு பணி கிடைத்துவிடும். ரஜூலா 1926இல் கட்டப்பட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே மக்களை ஏற்றிச் சென்ற கப்பல். அதில் வந்தவர்கள் இன்று மிகச் சிலரே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்டு எழுதிவைக்கும் வேலையைத் தள்ளிப்போட இயலாது. இந்த வாரமே தொடங்கலாம்.